மூன்றாவது கீழாநெல்லி

சாயங்காலம் ஐந்தரை ஆனால் கீழாநெல்லி தூங்கப் போய்விடும். அதற்கு யாரும் விசில் ஊத வேண்டியதில்லை. இலைகள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொள்ளும், குச்சி தலையைத் தொங்கப்போடும், அவ்வளவுதான். மதிலுக்கு அந்தப் பக்கம் கம்பெனி பஸ்கள் ஷிப்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்புகிற நேரமும் அதுவே என்பதால், பதினோரு வருஷமாக நர்சரியில் களை பறிக்கிற பாஞ்சாலி கடிகாரம் பார்த்ததே கிடையாது. அன்றைக்கும் பச்சை நிழல்வலைக்குக் கீழே வெளிச்சம் பாசி பிடித்த தண்ணீர் மாதிரி மங்கிக்கொண்டு வந்தது. இட்லிப்பூ பாத்தியில், கறுப்புக் கவர்களுக்குள் செடியோடு செடியாக முளைத்திருந்த கீழாநெல்லி எல்லாம் ஒடுங்கிவிட்டன. ஒன்று மட்டும் ஒடுங்கவில்லை. நாலாவது வரிசையில் ஒரு கவரில், எல்லா இலையையும் விரித்துவைத்துக்கொண்டு, பட்டப்பகல் மாதிரி நின்றது.

"உனுக்கு இன்னா, ஓ.டி. போட்டுட்டானா?" என்றாள் பாஞ்சாலி அதைப் பார்த்து.

பிடுங்கிப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் மணி ஆகிவிட்டது. மணி ஆனபிறகு நர்சரிக்காக ஒரு புல்லைக்கூடத் தொடுவதில்லை என்பது அவள் தனக்குப் போட்டுக்கொண்ட சட்டம். புடவையை உதறிக்கொண்டு எழுந்தாள். வேனுக்குப் போகும்போது எப்போதும் அவள்தான் முன்னால் நடப்பாள். மற்றவர்கள் பின்னால் வருவார்கள். அன்றைக்கு மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். தூங்கின கூட்டத்துக்கு நடுவில் அது இன்னும் விழித்துக்கொண்டிருந்தது.

அந்த நர்சரி பிள்ளைப்பாக்கத்துக்குள் தள்ளி, ஒரு கம்பெனி மதிலை ஒட்டி இருந்தது. முன்பு நெல் விளைந்த நிலம். இப்போது அதில் கவர் கவராக இட்லிப்பூவும் அரளியும் டுரான்டாவும் வளர்த்து, ஒரகடம் வரைக்கும் உள்ள கம்பெனி வாசல்களுக்கு லாரியில் அனுப்புகிறார்கள். இருந்த பச்சையையெல்லாம் சிமென்ட் போட்டு மூடிவிட்டு, அந்தச் சிமென்ட் மேலேயே கவரில் மண்ணை விலைக்கு வாங்கிவைத்துப் பச்சை காட்டுகிற புத்திசாலிகள். பாஞ்சாலிக்கு அவர்கள்மேல் மரியாதை கிடையாது. மரியாதை இல்லாதவர்கள் வரிசையில் அவர்கள் கடைசிதான். முதலிடம் சூப்பர்வைசர் ஜீவானந்தத்துக்கு.

ஜீவானந்தம் தோட்டக்கலை டிப்ளமோ. முப்பது வயசு, தேய்க்காத பேன்ட், தேய்ந்துபோன செருப்பு, பளபளவென்று போன். அவனுக்கு எல்லாக் களையும் புல்லுதான். பேர் தெரிய வேண்டுமென்றால் போனைக் குனியவைத்துப் படம் எடுப்பான், போன் சொல்லும். ஒரு தடவை கீழாநெல்லியை எடுத்தான்.

"இன்னா சார் சொல்லுது உங்க போனு?"

"புளியங்கன்னுன்னு காட்டுதும்மா."

"அப்ப வுட்டு வைங்க சார். நாலு வருசம் போனா ரசம் வெச்சிரலாம்."

இன்னொரு படம் எடுத்தான். "இப்ப தொட்டாச்சிணுங்கின்னு சொல்லுது."

"உள்ள எத்தினி பேரு குந்திகினு கீறானுங்க அதுல? ஆளுக்கு ஒண்ணு சொல்றானுங்க."

அவன் சிரிக்கவில்லை. சிரிக்கத் தெரிந்திருந்தால் அவன்மேல் கொஞ்சம் இரக்கமாவது வந்திருக்கும்.

இரண்டாவது இடம் தங்கமாரிக்கு. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவள். புருஷன் ஒரகடத்தில் ஏதோ கம்பெனி லைனில் கான்ட்ராக்ட் ஆள். அவன் போட்டுக் கழித்த கம்பெனிச் சட்டையைப் புடவைமேல் மாட்டிக்கொண்டு, ஒரு கையில் மஞ்சள் பிளாஸ்டிக் வளையலோடு மூன்று மாசத்துக்கு முன்பு வந்து நின்றாள். களை பறிப்பது இரண்டு பேர் வேலை. பாத்திக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி, எதிரெதிரே குந்தி, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே போக வேண்டும். பாஞ்சாலிக்கு எதிர்ப்பக்கம் இந்தத் தங்கமாரியைப் போட்டார்கள். மூன்று மாசமாக அந்தக் கைகளைப் பார்த்துப் பார்த்துப் பாஞ்சாலிக்குக் கண் எரிந்தது. என்ன கை அது! பிடிக்கத் தெரியாது, திருப்பத் தெரியாது, பாதியில் அறுத்து வேரைக் கவரிலேயே விட்டுவிடும்.

"இங்க பாரு. எத்தினி வாட்டி சொல்றது? இது வெள்ளைக் கீழாநெல்லி, இது செவப்பு. வெள்ளைக்குக் காயி காம்புல தொங்கும், மழமழன்னு இருக்கும். செவப்புக்குக் காம்பே கெடையாது, தண்டோட ஒட்டிகினு இருக்கும். தொட்டா சொரசொரன்னு இருக்கும். குச்சியப் புடிச்சி இப்டி கட்ட வெரலால புரட்டு. கண்ணே வாணாம். குருடிகூடச் சொல்லிருவா."

"சரிக்கா."

"வெள்ளைய வுட்டு வையி, வெள்ளிக்கெழம வூட்டுக்கு எடுத்துனு போலாம். மோர்ல அரச்சிக் குடிச்சா காமாலைக்கு நல்லது. செவப்ப வுட்டியோ, வெடிச்சி அடுத்த பாத்திக்கே வெதைய வீசும். புரிஞ்சிதா?"

"சரிக்கா."

சொன்னதற்கெல்லாம் சரிக்கா. சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தாலும் சரிக்கா, வசவு வாங்கினாலும் சரிக்கா. பாஞ்சாலிக்கு அந்தக் குரலைக் கேட்டாலே எரிச்சல் வரும்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக அந்த நாலாவது வரிசைக்குப் போனாள். மற்ற கீழாநெல்லி எல்லாம் விரிந்து நின்றன. அது மட்டும் கூம்பியிருந்தது. வெயில் சுள்ளென்று அடிக்கிற நேரத்தில் கும்மிருட்டு மாதிரி இலையை மூடிக்கொண்டு நின்றது. பாஞ்சாலி குச்சியைப் பிடித்துக் கட்டை விரலால் புரட்டினாள். காய்கள் காம்பில் தொங்கின, வெள்ளைக்குத் தொங்குகிற மாதிரி. தொட்டால் சொரசொரத்தன, சிவப்புக்குச் சொரசொரக்கிற மாதிரி. தண்டு சிவப்பு. மறுபடி புரட்டினாள். பதினோரு வருஷத்தில் எந்தச் செடியையும் அவள் மூன்றாவது தடவை புரட்டியதில்லை. இதைப் புரட்டினாள்.

"இதப் பாரு," என்றாள் எதிரில் இருந்தவளிடம், தனக்கே சொல்லிக்கொள்வது மாதிரி. "காயி வெள்ளை மாதிரி தொங்குது. ஆனா தண்டு செவப்பு. அத வெச்சிக் கண்டுபுடிச்சிரலாம்."

"சரிக்கா."

பிடுங்கினாள். வேர் மண்ணே ஒட்டாமல் வெள்ளைவெளேரென்று வந்தது. மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனாள். தேங்காய் நார்த்தூள் வாசனையும் இல்லை, எரு வாசனையும் இல்லை. நாள்கணக்கில் கழுவாத சீப்பில் வருமே, எண்ணெயும் முடியும் கலந்த ஒரு நாற்றம், அது. முகத்தைச் சுளித்துக்கொண்டு எருக்குழியில் கொண்டுபோய்ப் போட்டாள்.

குழியில் போடக் கூடாது. காய் பிடித்த களையைத் தெற்குக் கோடிக்குக் கொண்டுபோய், தார்ப்பாயில் உலர்த்தி எரிக்க வேண்டும் என்பது நர்சரி சட்டம். தெற்குக் கோடி முந்நூறு அடி, குழி முப்பது அடி. யார் நடப்பது? பதினோரு வருஷமாகக் காய் பிடித்தது பிடிக்காதது எல்லாவற்றையும் அவள் குழியில்தான் கொட்டினாள். இரண்டு ஆள் ஆழம். மேலே ஆடையாகப் பச்சை, கீழே கறுப்புக் கூழ். மூன்று மாசத்துக்கு ஒரு முறை அந்தக் கூழை வாரி, நார்த்தூளும் செம்மண்ணும் கலந்து மறுபடி கவரில் நிரப்புவார்கள். பிடுங்கிப்போட்டதெல்லாம் அழுகிச் செத்துவிடும் என்று அவள் நினைத்தாள். அப்படி நினைக்காவிட்டால் நடக்க வேண்டியிருக்குமே.

இரண்டு நாள் கழித்து மூன்று செடி வந்தது. அவள் கையால் துடைத்து எடுத்த பாத்தியில், அவள் உட்கார்ந்த பக்கத்தில். காய் காம்பில் தொங்கியது, சொரசொரத்தது. தண்டு பச்சை.

தண்டில் சிவப்பே இல்லை.

"ஆகட்டும்," என்றாள் பாஞ்சாலி. "தண்டு போனா இன்னா? காயி சொரசொரன்னு கீது பாரு. அது எங்க போவும்?"

அடுத்த வாரம் வந்ததில் சொரசொரப்பு இல்லை. மழமழவென்று, கண்ணாடி மணி மாதிரி.

எதிரில் தங்கமாரியின் கைகள் எதையோ அறுத்துக்கொண்டிருந்தன. வலைக்கு மேலே ஒரு காக்கை நடந்துகொண்டிருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓடுகிற சத்தம், தும் தும் என்று தரை வழியாக ஏறி அவள் குதிகாலில் தட்டியது. பாஞ்சாலி அந்தக் குச்சியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். தண்டு என்று வாயால் சொன்னாள், தண்டு மாறியது. காய் என்று சொன்னாள், காய் மாறியது. இதை யாரிடம் சொல்வது? அந்தப் போனிடமா? எந்த அடையாளத்தை வைத்து அவள் பிடுங்கினாளோ அந்த அடையாளத்தை அது கழற்றிப்போட்டுவிட்டு வந்தது. எதை விட்டுவைத்தாளோ அதுவாக ஆகிக்கொண்டிருந்தது.

மிச்சம் இருந்தது தூக்கம் ஒன்றுதான். அதை அவள் வாயைத் திறந்து சொல்லவில்லை. ஐந்தரைக்கு மட்டும் கண்ணால் ஒரு சுற்று பார்ப்பாள், எது விழித்திருக்கிறதோ அதைப் பிடுங்குவாள். அவளுடைய சட்டத்தை அவளே மீறி, மணி ஆனபிறகு பிடுங்கினாள். நாலு நாள் அப்படிப் போயிற்று. ஐந்தாம் நாள் ஐந்தரைக்குப் பாத்தி முழுக்க ஒன்று விடாமல் இலையை மூடிக்கொண்டது. ஒரே சமயத்தில். யாரோ சொல்லிவைத்த மாதிரி.

அன்றைக்கு வேனுக்கு அவள் கடைசியாகத்தான் நடந்தாள்.

அந்தப் பாத்தியிலிருந்துதான் நானூறு இட்லிப்பூ கவர் ஒரு கம்பெனிக்குப் போயிற்று. லோடு ஏற்றுவதற்கு முன்னால் வெள்ளையோ சிவப்போ ஒரு களை இருக்கக் கூடாது. கடைசியாகப் பார்த்துத் தலையாட்டுவது பாஞ்சாலி. கவர் கவராகப் பார்த்து, இருந்ததையெல்லாம் பிடுங்கி, சுத்தம் என்று தலையாட்டினாள். மூன்றாம் நாள் லோடு திரும்பி வந்தது. லாரி டிரைவர் கதவைத் திறந்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றுகொண்டான்.

"யம்மா, நீங்களே எறக்கிக்கோங்க. நான் தொட மாட்டேன். அந்த ரிசப்ஷன்ல ஒரு பொண்ணு குந்தியிருக்கும். நானூறு கவர்லயும் இது மொளச்சி, அத்தினியும் அந்தப் பொண்ணு பக்கமே சாஞ்சிகினு நின்னுச்சாம். அது எழுந்து அந்தாண்ட போனா அந்தாண்ட சாயுதாம். பொண்ணு அயுதுகினே வூட்டுக்குப் பூட்சாம்."

ஜீவானந்தம் குதித்தான். "யாரு பாத்தது இந்த லோட? எனக்கு இப்ப பேரு தெரியணும். யாரோ அவங்க நாளைலேர்ந்து வேலைக்கு வர வேணாம்."

நாலைந்து பெண்கள் நின்றார்கள். எல்லோரும் பாஞ்சாலியைப் பார்த்தார்கள். பாஞ்சாலி தன் காலைப் பார்த்தாள். இந்தப் பையன் முன்னாலா? போனைக் கேட்டுப் புல்லுக்குப் பேர் வைக்கிறவன் முன்னாலா, பாஞ்சாலிக்குக் கண் போய்விட்டது என்று ஒத்துக்கொள்வது?

"அவ பக்கம் வந்த கவரு சார் எல்லாம்," என்றாள், தங்கமாரியைப் பார்க்காமல். "எத்தினி சொன்னாலும் ஏறல. வேர அறுத்து வுட்டுட்றா."

தங்கமாரி வாயைத் திறந்தாள். ஏதோ வரப்போகிற மாதிரி இருந்தது. அப்புறம் மூடிக்கொண்டாள்.

"இன்னிக்கு ஒரு நாள்தான் உனக்கு," என்றான் ஜீவானந்தம் அவளிடம். "போறதுக்கு முன்னாடி அந்தக் குழிய வாரிப் போட்டுட்டுப் போ. அதுலேர்ந்துதான் எல்லா எழவும் வருது."

அந்த ஆளுக்கு அன்றைக்கு ஒரு விஷயம் சரியாகத் தெரிந்திருந்தது. ஆனால் குழியைப் பற்றி அவன் சொன்னதைப் பாஞ்சாலி யோசிக்கவில்லை.

மத்தியானத்துக்குமேல் மழை பிடித்தது. கார்த்திகை மழை, விடாத மழை. மணிமங்கலத்திலிருந்து வருகிற மற்றப் பெண்கள் வானத்தைப் பார்த்ததுமே ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்கள். ஜீவானந்தம் வாசல் கேட்டுக்குப் பக்கத்து ரூமில் போய் அடைந்தான். திரும்பி வந்த கவர்களைச் சுத்தம் பண்ண பாஞ்சாலி ஒருத்தி, குழி வார தங்கமாரி ஒருத்தி. வலைமேல் விழுகிற மழை நேராக விழாது. கோத்துக்கோத்து, கனத்து, ஒரு தொப்பையாகத் தொங்கி, திடீரென்று எங்கேயாவது ஒரு வாளி அளவுக்குக் கொட்டும். நாலரை மணிக்கே உள்ளே இருட்டு கட்டிவிட்டது. பச்சை இருட்டு. கவரில் அடிக்கிற தண்ணீர்ச் சத்தம், ஈர நார்த்தூளின் புளிப்பு, எங்கிருந்தோ அந்தச் சீப்பு நாற்றம். மதிலுக்கு அந்தப் பக்கம் பிரஸ் நின்றிருந்தது. அது நின்றிருப்பது அவளுக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது.

பாத்திக்கு அந்தப் பக்கம் யாரோ வந்து குந்தினார்கள்.

பாஞ்சாலி நிமிரவில்லை. மஞ்சள் வளையல் தெரிந்தது, சட்டைக் கை தெரிந்தது. குழியை விட்டுவிட்டு நைசாக இங்கே வந்து உட்கார்ந்துகொண்டாள் என்று நினைத்தாள். கோபம் வந்தது. ஏனோ கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

"இன்னா, அதுக்குள்ள வாரிட்டியா? மழைக்குப் பயந்துகினு வந்துட்டியா?"

"சரிக்கா."

"இன்னா சரிக்கா? கேட்டதுக்குப் பதில் சொல்லு. எம் மேல கோவமா? கோவம்னா பட்டுக்கோ. உனுக்கு வேற எடம் கெடைக்கும். எனுக்கு இந்த வயசுல யாரு குடுப்பா?"

"சரிக்கா."

இரண்டு சரிக்காவும் ஒன்றாக இருந்தன. ஒரே மாதிரி என்றில்லை. ஒன்றேதான். முதலில் சொன்னதையே எடுத்துத் திரும்ப வைத்த மாதிரி.

பாஞ்சாலியின் கை நின்றது. எதிரே அந்தக் கைகள் நிற்கவில்லை. கவருக்குள் போயின, வந்தன. அடுத்த கவருக்குள் போயின, வந்தன. மூன்று மாசமாகப் பார்த்த அதே கோணல் கை. அவள் அந்தக் கைகளையே பார்த்தாள். பக்கத்தில் களை குவியவில்லை. ஒரு குச்சிகூட இல்லை. கைகள் வெறுமையாக வெளியே வந்தன. உள்ளே போகும்போதுதான் விரல் நுனியில் என்னவோ பச்சையாக இருந்தது.

பிடுங்கவில்லை.

நட்டுக்கொண்டிருந்தன.

அப்போதுதான் குழிப் பக்கத்திலிருந்து கூப்பாடு கேட்டது. "எக்கா! எக்கா! வழுக்கிட்டுக்கா!"

தங்கமாரியின் குரல்.

பாஞ்சாலி நிமிர்ந்தாள். எதிரிலும் தங்கமாரி. மழைத் தண்ணீர் நெற்றியில் வழிந்தது, கண் சிமிட்டவில்லை. அது அவளைப் பார்த்தபடியே பக்கவாட்டில் நகர்ந்தது. எழவில்லை. குந்தினபடியே, நண்டு மாதிரி, முகத்தை மட்டும் அவள் பக்கம் வைத்துக்கொண்டு. பத்து கவர். இருபது கவர். பாத்தி முடிகிற இடத்தில் மழைக்குள் போயிற்று. குழி இருக்கிற பக்கமாக.

கேட்டைப் பார்த்து ஓடிவிடலாம். கால்கள் அந்தப் பக்கம்தான் திரும்பின. மறுபடி "எக்கா!" என்று கேட்டது. அவளை அந்தக் குழிக்கு அனுப்பியது யார்? பாஞ்சாலி வலைக்கு முட்டுக் கொடுத்திருந்த மூங்கில்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு, வழுக்கி வழுக்கி, முப்பது அடியும் ஓடினாள்.

குழியில் இரண்டு பேர் இருந்தார்கள்.

இரண்டும் தங்கமாரி.

கழுத்துவரை கறுப்புக் கூழ். இரண்டு பேர் தலையிலும் பச்சை ஆடை. இரண்டு மஞ்சள் வளையல். கரை பொத்துப் பொத்தென்று சரிந்துகொண்டிருந்தது. பாஞ்சாலி குப்புறப் படுத்தாள். ஒரு கையால் கரையோரம் நின்ற மூங்கிலைக் கட்டிக்கொண்டாள். இன்னொரு கைதான் மிச்சம். ஒரு கை, ஒருத்தி. இரண்டாவது ஆளுக்குக் கரை தாங்காது.

"கையக் குடுங்கக்கா," என்றது இடது பக்கம்.

"கையக் குடுங்கக்கா," என்றது வலது பக்கம்.

எது? பாஞ்சாலி பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு வெள்ளையும் சிவப்பும் பிரிக்கிறவள், மழையில் கண்ணை விரித்துக்கொண்டு பார்த்தாள். தங்கமாரிக்கு மூக்குத்தி எந்தப் பக்கம்? தெரியவில்லை. மச்சம் உண்டா? தெரியவில்லை. பல் எப்படி? அவள் சிரித்துப் பார்த்ததில்லை. மூன்று மாசம், நாள் முழுக்க, இரண்டு முழ தூரத்தில். கையைப் பார்த்தாள், கை செய்த தப்பைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. பார்க்கிற அளவுக்கு அவள் என்ன பெரிய ஆள் என்றுதான் இருந்தது.

"சரிக்கா... தெரியாம செஞ்சிட்டேங்க்கா..." இடது பக்கம் அழுதது. உடம்பு நடுங்கியது. "இனிமே பாத்து எடுக்கேங்க்கா... சரிக்கா..."

வலது பக்கம் அழவில்லை. பல்லைக் கடித்தது. "லோட நீங்கதாம்க்கா பாத்து விட்டிய! எனக்குத் தெரியும். பெரிய மனுசி அசிங்கப்படக் கூடாதுன்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன். இப்ப என்னத்த பாக்கிய? கையத் தாங்க, மூதி!"

இந்தக் குரல் தங்கமாரிக்குக் கிடையாது. இந்தக் கோபம் கிடையாது. தங்கமாரி நடுங்குவாள், தங்கமாரி சரிக்கா என்பாள். அதுதான் தங்கமாரி. அதோடு இந்த வாய்க்கு லோடு விஷயம் தெரிந்திருந்தது. இந்த வாய் கரையேறினால் கேட்டில் ஜீவானந்தம்வரைக்கும் போகும்.

பாஞ்சாலி இடது பக்கம் கையை நீட்டினாள்.

சுலபமாக வந்தது. மழைக்கு இளகின மண்ணிலிருந்து வருகிற மாதிரி, ஒரே இழுப்பு. சேறு உறிஞ்சிப் பிடிக்கவில்லை, கனமே இல்லை. அது கரையில் வந்து விழுந்தது. பாஞ்சாலி திரும்பினாள்.

வலது பக்கம் மூக்குவரை மூடியிருந்தது. எக்கி எக்கி வாயை மேலே கொண்டுவந்தது. கோபம் போய்விட்டது.

"வேல்விழி..." என்றது. "ஏம் பிள்ளைக்கா. பால்வாடில நிக்கா. இருட்டதுக்குள்ள கூப்பிடணும். யாராச்சும் போங்கக்கா. தனியா நிக்கும்..."

கூழ் மூடிக்கொண்டது.

தங்கமாரிக்குப் பிள்ளை இருப்பது பாஞ்சாலிக்குத் தெரியாது.

மூங்கிலை உருவி உள்ளே விட்டாள். துழாவினாள். "புடிச்சிக்கோம்மா, புடிச்சிக்கோ!" குழி கொழகொழவென்று மூங்கிலை வாங்கிக்கொண்டது, கொடுத்தது. ஒரு கொப்புளம். இன்னொரு கொப்புளம். அப்புறம் பச்சை ஆடை வந்து சேர்ந்துகொண்டது.

எதை அவள் விட்டுவைப்பாளோ அதுவாக வரும். எந்த அடையாளம் அவள் கண்ணுக்குத் தெரியுமோ அந்த அடையாளத்தோடு வரும். அவளுக்கு என்ன தெரியும்? நடுக்கம். சரிக்கா. கோணல் கை.

அவ்வளவும் கரையில் உட்கார்ந்திருந்தது.

எதிரே. குந்தி. இரண்டு முழ தூரத்தில். சட்டை, வளையல், நடுக்கம். அதற்கு மூச்சு வாங்கவில்லை.

"சரிக்கா," என்றது.

கேட்டுப் பக்கமிருந்து குடையும் போன் வெளிச்சமும் வந்தன. ஜீவானந்தம். சேற்றில் செருப்பு மாட்டி எரிச்சலோடு வந்தான். குழியைப் பார்த்தான், வாரவில்லை என்று தெரிந்துகொண்டான், முகத்தைச் சுளித்தான்.

"என்னம்மா, கூத்தடிச்சிட்டு இருக்கீங்களா? வேன் வந்துடுச்சு. எத்தன பேரு, ரெண்டா? ரெண்டு சரியா இருக்கு. கெளம்புங்க."

முகத்தைப் பார்க்கவில்லை. தலையை எண்ணினான், போனைப் பார்த்துக்கொண்டு திரும்பி நடந்தான். பாஞ்சாலிக்கு வாய் திறந்தது. சார் என்று சொல்ல நாக்கு புரண்டது. காற்றுதான் வந்தது.

அது எழுந்தது. அவளுக்காக நிற்கவில்லை. பாஞ்சாலியைத் தாண்டி, முன்னால் நடந்து, குடைக்குப் பின்னால் போயிற்று.

சட்டைக்கு முன்பக்கம் மட்டும்தான் இருந்தது. புடவைக்கும். காதோடு முகம் முடிந்தது. அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை. நாள்பட்ட செடியின் கவரைக் கிழித்தால் தெரியுமே, இடமில்லாமல் தன்னையே சுற்றிச் சுற்றி இறுகிப்போன வெள்ளை வேர். பிடரியிலிருந்து குதிகால்வரை அதுதான். ஆயிரம் நுனி. மழையில் ஒவ்வொன்றும் தனித்தனியாக நெளிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தது.

ஜீவானந்தம் குடையைப் பிடித்துக்கொண்டு போனான். அது அவன் பின்னால் போயிற்று. நெளிந்துகொண்டிருந்த நுனிகள் ஒவ்வொன்றாக நின்றன. பிறகு எல்லாம் சேர்ந்து, மெல்ல, பாஞ்சாலி இருந்த பக்கமாகச் சாய்ந்தன.